அவள் எடுத்துக் கொடுத்த மண்

அன்று என் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊரிலிருந்து வந்த என் அண்ணன். வந்தவாசியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. என் மனைவி. நான். தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு, அதில் எங்கள் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஐப்பசி மாதம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஊர் வரைக்கும் உடம்பு தாங்காது. ஆரணியில் என் வீட்டிலேயே கிடத்தினோம். நான் பட்டுத்தறி நெய்கிறவன். தறியை நிறுத்திவிட்டேன்.

நைனாவுக்கு எண்பத்தெட்டு வயது. அவர் பிறந்தபோது குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. எட்டு வயதில் அடுத்தவர் மாடு மேய்த்தார். பிறகு கூலிக்கு ஏர் ஓட்டினார். பிறகு வாரத்துக்குப் பயிர் வைத்தார், விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. நாற்பத்தைந்து வயதில்தான் முக்கால் ஏக்கர் அவர் பேருக்கு வந்தது. பத்திரம் எழுதிய அன்று வீட்டுக்கு வரவில்லை. அம்மா அப்போது உயிரோடு இருந்தார், சோறு எடுத்துக்கொண்டு தேடிப்போனார். ஐந்து வயதுப் பிள்ளை நானும் போனேன். நைனா வரப்பில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாதே என்று அம்மா சொன்னார். அவர் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அந்த நிலத்தில் கிணறு வெட்ட மூன்று கோடை ஆனது. அதில்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்து, கல்யாணம் செய்து வைத்தார். ஒருமுறை மாடு முட்டித் தொடை கிழிந்தது. சத்தம் போடவில்லை. வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தார்.

இப்போது பேச்சு நின்றுவிட்டது. பால் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. முதுகில் புண் வந்தது. உயிர் மட்டும் பிரியவில்லை.

“எங்கண்ணன் எமனையே வாரத்துக்கு எடுத்துட்டாரு போல கீது. பாதி உனக்கு பாதி எனக்குன்னு பேசிகினு கீறாரு” என்றார் அத்தை. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு அத்தை என்னைப் பார்த்தார். “மண்ணாச போவல. நெலத்து மண்ண கரைச்சி வாயில ஊத்தணும். கடக்குட்டி கையால எடுத்தாரணும். ஜல்தியா போய் வாடா.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நிலமே கதி என்று கிடந்தவருக்கு, அவர் மண்ணைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் நிம்மதியாகப் போய்விடுவார்.

பஸ் ஏறி ஊருக்குப் போனேன். நிலத்தில் இறங்கிக் குனிந்தேன். கை போகவில்லை. இதை எடுத்தால் நைனாவை அனுப்புகிறவன் நான்தான். என்னைத் தறி வேலைக்குச் சேர்த்தது அவர். பெண் பார்த்தது அவர். அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. திரும்பி நடந்தேன். ரோடு போடக் கொட்டியிருந்த செம்மண் கிராவலில் ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்தேன்.

அக்கா பிரித்துப் பார்த்தார். “நம்ப நெலம் கருப்பா இருக்குமே. இது இன்னாடா செவப்பா கீது?”

“கெணத்து மேட்டுல எடுத்தேன்க்கா.”

அண்ணன் மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தினமும் அந்த நிலத்தில் நிற்கிறவர். சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொண்டுவரப் போனார்.

கரைத்து ஊற்றினார்கள். வழிந்துவிட்டது. நைனா இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்; சாமி விஷயத்தில் பொய் எழுதக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. புண் ஆழமானது. புரட்டிப் போடும்போது நைனா முனகினார். மாடு முட்டியபோது வராத சத்தம். “மாமாவ இப்டி பாக்க முடியலங்க” என்று என் மனைவி சொன்னாள். புண்ணைத் துடைத்தவள் அவள். அவளிடமும் நான் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

கடைசியில் அண்ணனை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

“அது நம்ப மண்ணு இல்லண்ணா.”

“தெரியும்.”

“தெரிஞ்சி ஏன் சும்மா இருந்த?”

“எனக்கு மட்டும் மனசு வருதாடா?”

“இப்ப நீ போய் எடுத்தாறியா?”

“என்னால ஆவாது.”

நைனாவைப் புரட்டிப் போட அக்கா கூப்பிட்டார், இரண்டு பேரும் உள்ளே போனோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஆடிக்குக் கூழ் ஊற்றும்போது போவேன். மற்றபடி போகிறவன் இல்லை. தேங்காய்கூட வாங்கவில்லை. “தாயே, காப்பாத்துன்னு கேக்க வரல. எங்க ரெண்டு பேருக்கும் கை வரல. நீ எடுத்துக் குடு” என்றேன். வேறு ஒன்றும் வேண்டத் தெரியவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வரப்பில் கால் வைத்தேன். வழுக்கியது. குப்புற விழுந்து, இரண்டு கையும் ஊன்றி எழுந்தேன். இரண்டு கை நிறைய மண். கறுப்பு மண். நான் அள்ளவில்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். நைனா படுக்கையில் விழுந்த பிறகு நான் அழுதது அப்போதுதான்.

கையைக் கழுவவில்லை. பஸ்ஸில் இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன்.

“இன்னாங்க, நாத்து நட்டுட்டு நேரா வந்துட்டீங்களா?” என்றார் கண்டக்டர்.

“எங்க நைனாவுக்குங்க” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் சட்டைப் பையில் அவரே காசு எடுத்து, டிக்கெட்டை அதிலேயே வைத்தார். ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார்.

என் மனைவி சொம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றினாள். கிண்ணத்தில் பிடித்தோம். அத்தை மூன்று தடவை நைனாவின் வாயில் ஊற்றினார். ஒரு சொட்டு வழியவில்லை. தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். முனகல் நின்றது. நெற்றிச் சுருக்கம் இறங்கியது. உச்சிப் பொழுதுக்கு முன் போய்விட்டார். அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் அண்ணனும் பிடித்திருந்தார்.

அம்மன் காதில் வாங்கினாள். நான் கேட்டதைக் கொடுத்தாள். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் கோயில் வாசலைக் கூட்டுகிறேன். எனக்குத் தெரிந்த நன்றி அதுதான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் கட்டில் இல்லை. அதை மாற்றிக் கொடு என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிக் கிடக்கலாம். காப்பாற்று என்று மட்டும்தான் வாய் வரும். நிம்மதியாக அனுப்பிவை என்பதையும் அவளிடம் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள். என்னைப்போல் தள்ளிப்போடாதீர்கள். முதல் மண்ணுக்கும் இரண்டாவது மண்ணுக்கும் நடுவில் நைனாவை நான் போட்டு வைத்தது ஒன்பது நாள்.