உயிரோடிருந்த கப்டனுக்குக் கட்டிய பனர்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றையும் சாதனைகளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்த ஆள் என் மாமா ஒருவர்தான். அவர் அதை எழுதியது என் அப்பாவுக்கான கண்ணீர் அஞ்சலிப் பதாகையில். அப்பா இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். கறிக்கு உப்புப் போதாது என்று நேற்றும் அம்மாவோடு சண்டை பிடித்தார்.

இன்று எங்கள் கழகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. சம்பளத்துக்கு ஆட்களை எடுத்து நடத்துகிற தொழில்முறைத் தொடரில் எங்கள் கழகமும் ஓர் அணி. தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் விடிய எழும்பி இருந்து பார்க்கிறார்கள். நான் நாலாம் ஆண்டு படித்த காலத்தில் இந்தச் சீர் சிறப்பு ஒன்றும் கிடையாது. காங்கேசன்துறைப் பக்கத்து எங்கள் ஊரை ஆமி விட்டுப்போக நாங்கள் திரும்பி வந்த புதிது. மைதானத்தில் பாதியைத்தான் பற்றை வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் பந்து விழுந்தால் ஆடுகள்தான் எடுத்துத் தரவேண்டும்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கழகத்தின் செயலாளர். மைதானத்தில் அவர் பந்தை உதைத்ததைவிடப் பந்து அவரை உதைத்ததுதான் அதிகம். ஆனால் கழகத்தின் மானம் முழுவதையும் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பிரேதம் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே சந்திக்கு அஞ்சலிப் பனர் வந்துவிடும். வாசிகசாலை ஒன்று கட்டும், கோயில் சபை ஒன்று கட்டும். செத்தவர் பந்தடிக்காரர் என்றால் அவருடைய கழகத்தின் பனர்தான் முதலில் ஏறவேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் பழைய கோல்கீப்பர் ஒருவர் செத்தபோது பக்கத்து ஊர்க் கழகம் எங்கள் சந்தியிலேயே எங்களை முந்திக் கட்டிவிட்டது. மாமா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அது கோல்கீப்பருக்கான துக்கம் என்று சனம் நினைத்தது.

இப்படியிருக்கும்போதுதான் அப்பா விழுந்தார். அவர் கழகத்தின் முன்னாள் கப்டன், அப்போது பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். பின்னேரப் பயிற்சியில் விசிலை வாயில் வைத்தவர் அதை ஊதாமல் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அம்மாவும் கூடப் போய்விட்டார். நானும் மாமியும் வீட்டில் நின்றோம். மாமி என்றால் அப்பாவின் அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவர்.

எனக்கு அந்த நாட்களில் ஒரே எண்ணம்தான், அப்பா வீட்டுக்கு வரவேண்டும். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் வழியில் உள்ள எல்லாச் சாமியிடமும் சொன்னேன். மாதா சொரூபம் ஒன்று இருந்தது, அவவையும் விடவில்லை. மாமியிடம் கேட்டால் "ஒண்டுமில்லை, வந்திடுவார்" என்பார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மாமா ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார் என்பது பிறகுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்ட அடுத்த நாளே பட்டணத்து அச்சகத்துக்குப் போய்ப் படம் கொடுத்து, வசனம் எழுதி, எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஆயத்தமாக வைத்துவிட்டார். திகதி மட்டும்தான் போடவில்லை. அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. அத்தான் பிழைக்கவேண்டும் என்று நல்லூரில் நேர்த்தியும் வைத்திருந்தார். ஆனால் பிழைக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் முந்தக்கூடாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கழகத்துப் பையன் ஒருவனைக் காவலுக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது, விரிப்பும் இல்லை. வெளி விறாந்தையில் அம்மா சுவரோடு சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அப்பா தப்பிவிட்டார், இனிப் பயமில்லை, வேறு வாட்டுக்கு மாற்றுகிறோம் என்று டொக்டர் சொல்லிப் போன நேரம் அது. அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அம்மாவுக்கு வந்தது. அழுகிற பொம்பிளையிடம் போய் என்ன ஏது என்று கேட்பது மரியாதையில்லை என்று அந்தப் பையன் நினைத்திருக்கிறான். மாமாவுக்குப் போன் போட்டுவிட்டான். மாமா அழுதுகொண்டே அம்மாவுக்கு எடுத்துப் பார்த்தார். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. அழுதுகொண்டே அச்சகத்துக்கு ஓடினார்.

விடிந்ததும் மாமி என்னைச் சந்திக்குப் பாண் வாங்க அனுப்பினார். தூரத்திலேயே அப்பாவின் படம் தெரிந்தது. நீல ஜேர்சியோடு, ஆள் உயரத்துக்கு. எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. பையன்கள் கிண்ணம் எடுத்தால் வாழ்த்துப் பனரும் அதே அளவில்தான் கட்டுவார்கள். அப்பாவுக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று ஓடினேன். கிட்டப் போனதும்தான் மேலே இருந்த "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்துத் தெரிந்தது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்புக் கொடி.

கண்ணை எடுக்கமுடியாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அப்பாவைப்பற்றி எனக்குத் தெரியாத எவ்வளவோ அதில் இருந்தது. சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் கடற்றொழிலாளர்களும் சேர்ந்து தொடக்கிய கழகம். ஊர் இடம்பெயர்ந்தபோது வீரர்கள் சண்டிலிப்பாயிலும் குருநகரிலும் முகாம்களிலும் சிதறிக் கிடந்தும் கலையாத கழகம். சொந்த மைதானம் முட்கம்பிக்குள் கிடக்க, இரவல் மைதானத்தில் பழகி, இல்லாத ஊரின் பெயரில் விளையாடிய கழகம். சமாதான காலத்தில் குருநகர் மண்ணில் குருநகர் அணியையே ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று மாவட்டக் கிண்ணத்தைத் தூக்கிய கழகம். அந்த ஒற்றைக் கோலை அடித்த ஒப்பற்ற தலைவன் எங்கள் அப்பா. எல்லாம் "எம்மை மீளாத்துயரில் ஆழ்த்திச் சென்றீரே" என்று முடிந்திருந்தது.

பாண் வாங்கவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. எனக்கு முந்தியே செய்தி வந்திருந்தது. கழகத்துப் பையன்கள் படலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் இறங்கின. ஸ்பீக்கர்காரன் மாமரத்தில் ஏறி நின்றான். நடுவீட்டில் மாமி நிலத்தில் விழுந்து கத்திக்கொண்டிருந்தார், அயலட்டைப் பெண்கள் சுற்றி இருந்து அழுதார்கள். என்னைக் கண்டதும் அழுகை இரண்டு மடங்காகியது. ஒவ்வொருவராக என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மூச்சுத்தான் முட்டியது.

மேசையில் கிடந்த மாமியின் போன் அடித்தது. எடுப்பார் இல்லாமல் நான்தான் எடுத்தேன். அம்மா.

"பிள்ளை, மாமா வந்தா அப்பாவின்ரை சாரம் ஒண்டும் துவாயும் குடுத்துவிடச் சொல்லு. சுடுதண்ணிப் போத்தலையும் மறந்துபோகாதேங்கோ."

"ஆருக்கு?" என்றேன்.

"ஆருக்கோ? கொப்பருக்குத்தான்."

"அப்பா செத்துப்போனார் எல்லோ, அம்மா?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. "ஆரம்மா செத்தது?" என்றது அப்பாவின் குரல்.

"நீங்கள்தான்."

"எப்பவாம்?"

"நேற்றுப் பின்னேரமாம். சந்தியிலை பனர் கட்டியிருக்கு."

"எந்தப் படம் போட்டிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஐயோ, அது எப்படி வந்தது! அப்பா இருக்கிறார், அப்பா கதைக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. சுற்றி நின்றவர்கள் பிள்ளைக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று என் முதுகைத் தடவினார்கள். நான் திமிறிக்கொண்டுபோய் மாமியின் காதில் போனை வைத்தேன். மாமி போனைப் பிடித்துக்கொண்டு, "என்ரை தம்பீ, என்னை விட்டிட்டு எங்கையடா போனனீ" என்று ஓவென்று கத்தினார்.

"நான் ஒரு இடமும் போகேல்லை, அக்கா. வாட்டு மாத்தினவை."

மாமியின் வாய் திறந்தபடி நின்றது. கையில் இருந்த போனைத் தூர வைத்துப் பார்த்தார், திரும்பக் காதில் வைத்தார். "அப்ப ஏன்டா நேற்றே ஒரு வார்த்தை சொல்லேல்லை, நாசமறுவானே!" என்று போட்ட சத்தத்தில் மாமரத்தில் நின்றவன் இறங்கிவிட்டான்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த மாதிரி ஒரு செத்தவீடு அதற்குமுன் நடந்திருக்காது. அழுதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தவர்கள் திரும்ப அழுதார்கள். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியே ஆகவேண்டும் என்று மாமி நின்றார். கட்டின ஸ்பீக்கரைச் சும்மா அவிழ்ப்பானேன் என்று பிள்ளையார் பாட்டு ஒன்று போட்டார்கள். மாமா ஒப்பாரிச் சத்தத்துக்கு ஆயத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு படலையைத் திறந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு அப்படியே நின்றார். விசயம் தெரிந்ததும் முற்றத்து மணலில் குந்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். அந்த நேரம் பக்கத்து ஊர்க் கழகத்தார் தங்கள் பனரைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்று மாமி பின்னாளில் சாதிப்பார்.

அம்மாதான் லேசில் விடவில்லை. "அத்தான் செத்திட்டாரெண்டு கேட்டு, அக்காட்டை ஓடி வராமல் நீ பனர் அடிக்கவோ போனனீ?" என்று கேட்டார்.

சில நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. நான் அவருடைய சாரத்தைப் பிடித்தபடியே திரிந்தேன். வந்ததும் முதல் வேலையாகப் பனரைக் கொண்டுவரச் சொன்னார். மாமா ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். முற்றத்தில் விரித்துவிட்டு எட்ட நின்றார். அப்பா கதிரையில் இருந்து, தன்னைப்பற்றி எழுதியதை ஆறுதலாக வாசித்தார். சில இடங்களில் சிரித்தார். கோல் அடித்த வரியில் நிறுத்திவிட்டார்.

"உந்தக் கோல் நான் அடிக்கேல்லை."

மாமா தலையைச் சொறிந்தார். "தெரியும் அத்தான். ஆனால் செத்தவீட்டுப் பனரிலை அவன்ரை பேரை எப்பிடிப் போடுறது?"

அந்தக் கோலை அடித்தவர் அப்பாவின் கூட்டாளி. பிறகு வன்னிக்குப் போய், கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். செத்தவர்களோடும் அவரைச் சேர்க்கமுடியாது, இருக்கிறவர்களோடும் சேர்க்கமுடியாது என்பதால் கழகம் அவர் பெயரை எங்கேயும் எழுதுவதில்லை.

அன்று பின்னேரம் அந்தக் கூட்டாளியின் அம்மா அப்பாவைப் பார்க்க வந்தார். ஊரை ஆமி விட்ட பிறகும் அவர் திரும்பி வந்து குடியேறவில்லை. சண்டிலிப்பாயில் இடம்பெயர்ந்து இருந்த வாடகை வீட்டிலேயே தனியாக இருந்தார். மகனுக்கு அந்த விலாசம்தான் தெரியும் என்பார். மாதுளம்பழங்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து அப்பாவின் தாடியைத் தடவினார். மாமா அவசரமாகப் பனரைச் சுருட்டப் போக, "விடு தம்பி, பாப்பம்" என்று தடுத்தார். குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

"இதைக் கட்டேக்கை எல்லாரும் உண்மையெண்டு நம்பித்தானே கட்டினவை?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

"கொக்காவும் நம்பினவ?" என்று மாமியைக் காட்டிக் கேட்டார்.

"ஓம். அழுதும் முடிச்சிட்டா."

"ஊர் முழுக்க நம்பினது."

"ஓம் அம்மா."

"அப்பிடியிருந்தும் நீ வந்திட்டாய், என்ன?"

"வந்திட்டன் அம்மா," என்றார் அப்பா.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் முன்பு கண்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, எனக்கொரு தேத்தண்ணி தா பிள்ளை, சீனியைக் கூடப் போடு என்றார். அம்மாவும் மாமியும் மாமாவும் ஏன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஆளைப் பார்த்து வந்திட்டாயா என்று கேட்கிறாரே, இந்த அம்மாவுக்கு இதுகூட விளங்காதா என்று நினைத்துக்கொண்டு நான் சீனி எடுக்கக் குசினிக்குப் போனேன்.