பதினெட்டு வருஷ நீலம்

சாயப்பட்டறையில் நிறம் பார்க்கும் அவளுக்குக் கழுகு என்று பெயர். ஒரே நீலத்தில் ஒன்பது வகை பிரித்துச் சொல்லுவாள். எந்தத் துணியையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்காமல் 'சரி' போடமாட்டாள். முதலாளியே அவசரப்படுத்தினாலும் முறைப்பாள். அதே பட்டறையில் அவள் புருஷனுக்குத் தொட்டி வேலை. கையுறையெல்லாம் அவனுக்கு ஆகாது. கையும் நகமும் எப்போதும் நீலம்.

அவனுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. நாலு நாள் போட்டு வாட்டிவிட்டு இறங்கியது. அப்பாடா என்று அவள் வேலைக்குக் கிளம்பினாள். குறை சொல்ல முடியாது, நாமாக இருந்தாலும் அப்படித்தான் கிளம்புவோம். ஆறாம் நாள், திரை மூடிய அறையில் அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பார்க்க வந்த நாத்தனார், நகமெல்லாம் நீலமாக இருக்கிறதே என்று கேட்டாள்.

"சாயம்தான்," என்றாள் இவள். "போகாது."

மறுநாள் திரையை விலக்கியபோதுதான் அவன் உதட்டைப் பார்த்தாள். உதட்டை யாரும் தொட்டியில் முக்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி ஏதேதோ எண் காட்டியது. நர்ஸ் சாயமேறிய விரலை நம்பாமல் வேறொன்றைக் காது மடலில் மாட்டினாள். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் எழுபத்தொன்றில் நின்றது.

"நகம் எத்தனை நாளா நீலமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"பதினெட்டு வருஷமா."

டாக்டர் சிரிக்கவில்லை. ஃப்ளூ இரண்டு நுரையீரலையும் பாழாக்கிவிட்டது, அதன்மேல் இன்னொரு கிருமியும் தொற்றியிருக்கிறது என்றார். தொண்டையில் குழாய் இறக்கி இயந்திரத்தில் இணைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து புரட்டி, நுரையீரலுக்குக் காற்று எட்ட தினமும் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். பிழைப்பானா என்று கேட்டாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார். ஒன்பது நீலம் பிரித்த கண், சொந்தப் புருஷனிடம் கோட்டைவிட்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பதினாறாம் நாள் குழாயை எடுத்தார்கள். இன்னும் கண்டம் தாண்டவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் அவன் விரலைப் பிடித்தபடி நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் திறந்தான். அவளைத் தேற்றுவதாக நினைத்து, கரகரத்த குரலில் சொன்னான்.

"சாயம்தான். போகாது."

அவள் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். அவன் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, நகத்தின் வேரோரம் சாயமேறாமல் புதிதாக வளர்ந்திருந்த கீற்றைப் பார்த்தாள். இளஞ்சிவப்புதான். இருந்தும் பத்து விரலையும் பார்த்து முடிக்கும்வரை அவள் 'சரி' போடவில்லை.