உடும்பும் ஆடியோ போர்டும்

என் மனைவிக்கு அவள் வீட்டில் வைத்த பட்டப்பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். என்னையும் அப்படித்தான் பிடித்தாள் என்று என் மைத்துனன் சொல்வான். நான் மறுத்ததில்லை, வீட்டோடு மாப்பிள்ளை வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது?

நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். மின்சாரம் என்றால் சுவிட்ச் போடத் தெரியும், அவ்வளவுதான். அவள் ஒலிக்கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மாமனாருக்குக் குரல் கிடையாது. மிஞ்சியது வெறும் காற்று. காதை அவர் வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். கடையில் வாங்கிய ஒலிபெருக்கி, ஃபேன் சத்தத்தையும் தெருவில் போகும் வண்டியையும் சேர்த்துக் கத்தித் தொலைத்தது. அதைப் பரணில் போட்டுவிட்டு மனுஷன் பேசுவதையே நிறுத்திவிட்டார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவார். "நான் என்ன ஹோட்டல் சர்வரா?" என்று மாமியார் எரிந்து விழுவார்.

"அப்பா பேசினா அடுப்படியில இருக்கிற அம்மாவுக்குக் கேக்கணும். அது போதும்," என்றாள் உடும்பு.

கம்பெனியிலிருந்து ஒரு சோதனை போர்டை இரவல் வாங்கி வந்தாள். திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும். அதற்குள் சரியான அமைப்பு, அதாவது செட்டிங், கிடைத்தால், அதே சில்லை வைத்து அப்பாவுக்கென்று ஒன்று செய்துவிடலாம். உள்ளங்கை அகலப் பலகை, நடுவில் கோடெக் சில்லு. குரலை எண்ணாக்கி, எண்ணை மறுபடி குரலாக்குவது அதன் வேலையாம். இந்தப் பக்கம் மைக், அந்தப் பக்கம் ஸ்பீக்கர், கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். இதென்ன பிரமாதம், செருகினால் பேசப்போகிறது என்று நினைத்தேன். செருகினாள். பலகை மூச்சு விடவில்லை.

கம்ப்யூட்டர் கூப்பிட்டால் சில்லு பதிலே சொல்லவில்லை. என் கடை லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு பலகையிலிருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். ஓரத்தில் இரண்டு ஊசிகளின் மேல் குட்டித் தொப்பி ஒன்று உட்கார்ந்திருந்தது. அது இடம் மாறினால் சில்லின் விலாசமும் மாறிவிடுமாம்.

"இவ்வளவு நேரமா பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிட்டு இருந்திருக்கேன்," என்று அதைக் கழற்றி மாற்றிப் போட்டாள். பதில் வந்தது. போர்டோடு கொடுத்திருந்த மாதிரி அமைப்பை ஏற்றிவிட்டு, "ஹலோ" என்றாள். அடுப்படியில் வைத்திருந்த ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று கேட்டது. ஃபேன் சத்தம் துளியும் இல்லை. நானும் பேசிப் பார்த்தேன், ஜோராகக் கேட்டது.

மாமனாரை உட்காரவைத்து மைக்கை மாட்டினோம். உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. மறுபடி முயன்றார். பிறகு மைக்கைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்து, மகளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்குத் தாங்கவில்லை.

"போதும், விடு. அவரப் போட்டுப் படுத்தாத," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. நம்ம குரல் வருது, அப்பா குரல் வரல. அப்ப மைக் மேல தப்பில்ல, நடுவுல ஏதோ தடுக்குது."

அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு வரியில் நின்றவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "இரைச்சல் வராம இருக்க ஒரு கதவு வச்சிருக்காங்க. சன்னமா வர்றதெல்லாம் இரைச்சல்னு நெனச்சு சாத்திடுது. ஃபேனோட சேத்து அப்பாவையும் வெளிய தள்ளியிருக்கு." கண் கலங்கியது, விரல் மட்டும் நிற்கவில்லை. கதவு சாத்தும் அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். "ஃபேன் சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும். அப்பா உள்ள வரணும்."

மைக்கை அவர் உதட்டை ஒட்டி மாட்டினாள். "பேசுங்கப்பா."

என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை, விழித்தார். உள்ளே மாமியார் பாத்திரங்களோடு புலம்பிக்கொண்டிருந்தார்: "குழாய் சொட்டிட்டே இருக்கு. இந்த வீட்ல யார்கிட்டச் சொல்ல?"

"ம்," என்றது ஸ்பீக்கர்.

பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் ஈரக்கையோடு வாசற்படிவரை வந்து அவரைப் பார்த்தார். திரும்பி அடுப்படிக்குப் போனார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! குழாய், மாடிவீட்டுக்காரி, மகனுக்குப் பெண் பார்க்கும் சங்கதி, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையும் கொட்டினார். ஒன்றையும் விடாமல் ஸ்பீக்கர் "ம்" கொட்டியது.

நடுவே ஒருமுறை பேச்சை நிறுத்தி, "இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன். சொல்லு."