மேப்பிள் இலைத் தோரணம்

கடந்த வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போக வேட்டியை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். என் அயன்பெட்டி பழுதாகிவிட்டதால், மூன்று வருடங்களுக்கு முன் காலமான என் மனைவி கைவேலைக்கென்று தனியாக வைத்திருந்த பழைய பெட்டியை எடுத்திருந்தேன். சூடேறியதும் மெழுகு மணந்தது. வேட்டியில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு. கழுவியும் போகவில்லை. எரிச்சலில் பிளக்கைப் பிடுங்கியபோதுதான் அந்த மெழுகு எப்போது ஒட்டியதென்று நினைவு வந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவன். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகருக்கு அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவியபோதும் வாத்தியார்க் குணம் மட்டும் கழுவிப் போகவில்லை. அப்போது மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் தாயும் மகளுமாக மேப்பிள் இலை பொறுக்குவார்கள். வீடு முழுக்க ஈரமண் வாசம். இலையை நசுக்கி வைக்கத் தடித்த புத்தகம் எங்களிடம் ஏது? என் அகதி வழக்குக் கோப்புத்தான் அகப்பட்டது. சட்டத்தரணியின் முன்னால் அதைத் திறந்தபோது இரண்டு சிவப்பு இலைகள் மேசையில் விழுந்தன. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை மகளைக் கூப்பிட்டு, "பச்சையம் போனா இலை வெறும் கழிவு, பிள்ளை" என்று விளக்கினேன்.

"கழிவெண்டா ஏனப்பா இவ்வளவு வடிவு?"

பதில் தெரியாத வாத்தியார் என்ன செய்வாரோ அதையே செய்தேன். போய்ப் படி என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கும் மாவிலை கிடைக்கவில்லை. தாயும் மகளும் மெழுகுத்தாளுக்கிடையில் இலைகளை வைத்து அயன் பண்ணி, கம்பளி நூலில் கோத்து, தெருவைப் பார்த்த வாசற்கதவில் தோரணம் கட்டிவிட்டார்கள். பின்னேரம் ஊர்ச் சங்கத்துக் குடும்பங்கள் வரவிருந்தன. சங்கத்தின் செயலாளர் நான். என் வாசலில், மாவிலை இருக்க வேண்டிய இடத்தில், சருகு! செத்த வீட்டுக்குக்கூட நாங்கள் பச்சை ஓலையில்தானே தோரணம் கட்டுகிறோம்.

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதை அறுத்துத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வந்தபோது மனைவி கதவடியில் நின்றாள்.

"என்னப்பா செய்தனீங்கள்? பிள்ளை ரண்டு கிழமையா மினக்கெட்டுச் செய்தது."

"நல்ல நாளில வாசல்ல செத்த இலை தொங்கினா வாற சனம் என்ன சொல்லும்?"

"சனம் வடையைத் திண்டிட்டுப் போயிடும். இவள் இஞ்சதானே இருக்கப்போறாள்."

வந்தவர்களில் ஒருவரும் வாசலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வடை நன்றாயிருக்கிறது என்றார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் ஓர் இலைகூட வரவில்லை. மகள் என்னோடு அளவாகப் பேசத் தொடங்கியதற்கும், படிக்கவென்று தொலைவிலுள்ள கார்ல்ஸ்ரூஹே நகருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டதற்கும் அந்தத் தோரணமே காரணமென்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். கடந்த வெள்ளிக்கிழமை, கறைபட்ட வேட்டியை அப்படியே போட்டுவிட்டு, அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, அந்தத் தோரணத்தை அறுத்தது நான்தான். மன்னிச்சுக்கொள்."

"எந்தத் தோரணம்? ஓ, அந்த இலையளோ! அது காத்தில போனதெல்லோ? அம்மா அப்பிடித்தான் சொன்னவா."

"பிறகு நீ செய்யேல்லையே?"

"நான் கேட்டனான் அப்பா. அம்மாதான் இனி வேண்டாமெண்டிட்டா. அதுக்குப் பிறகு அவா ஒரு கைவேலையும் செய்யேல்லைத்தானே." உடனே அவசரப்பட்டாள். "வேலையில ஒராளைச் சந்திக்க டெர்மின் ஒண்டு இருக்கப்பா. பிறகு எடுக்கிறன்."

அவள் விலகி இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கவேண்டும். அவற்றையும் நான் அறியேன். தோரணத்தை அறுத்த அன்று மனம் முறிந்தது மகளுக்கல்ல, மனைவிக்கு. அதன் பிறகும் இருபத்தைந்து வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். கைவேலையை ஏன் விட்டாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மூன்று வருடங்களுக்கு முன்புவரை, எந்தச் சாப்பாட்டு நேரத்திலும் கேட்டிருக்கலாம்.