பட்டியல் தாண்டிப் போன பதினான்கு

ஆரணியில் அமாவாசை அன்று தறி ஓடாது. அதனால் முந்தின நாளே நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்த புடவையோடு பட்டுக்கடைக்கு வந்துவிடுவார்கள். புடவையைக் கொடுத்தால்தான் அடுத்ததை நெய்யத் தறியில் ஏற்றும் நூல், அதாவது பாவு, கிடைக்கும். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க, இரண்டாயிரங்களின் பிற்பாதியில் ஒரு கடைக்கு நான் ஜாவாவில் நிரல் எழுதிக் கொடுத்தேன்.

புடவை வந்த தறிகளின் எண்கள் ‘செட்’ என்ற தொகுப்பில் சேரும். எந்த எண் எப்போது வந்தாலும் தன் வரிசையில் போய் உட்காரும். இரண்டு மேசைகளில் ஒரே நேரத்தில் பதிந்தாலும் குழம்பாது. இதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஓர் அமாவாசைக்கு முந்தின நாள் மதியம், கடைசிச் சில புடவைகள் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே முதலாளி பட்டியல் கேட்டார், அச்சடித்துக் கொடுத்தேன். மாலையில் பார்த்தால் தாளில் பதினான்காம் தறி இல்லை. புடவைகளோ மூட்டையாகக் காஞ்சிபுரம் போய்விட்டன.

“மதியமே குட்த்தேனேங்க” என்றார் பாவு வாங்க வந்த அந்தத் தறிக்காரர். என் அப்பா வயது.

முதலாளி என்னைப் பார்த்தார். கடை நிறைய ஆட்கள். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க” என்றேன். என்ன திமிர் எனக்கு! வெளியில் விற்றிருப்பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் வெறும் பையோடு போனார்.

பத்து நாள் கழித்துப் பட்டியலை மறுபடி எடுத்தேன். பதினான்கு இருந்தது. பட்டியல் எடுக்கும்போது நிரலின் சுற்று ஒவ்வோர் எண்ணாகக் கடந்து போகிறது. அது அறுபதைத் தாண்டிய பிறகு பதினான்கு உள்ளே வந்திருக்கிறது. தாண்டிய இடத்தில் சேர்ந்ததை அது திரும்பிப் பார்க்காது, பிழை என்றும் கத்தாது. ஜாவா கையேட்டில் தெளிவாக எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை. பதிவை ஒரு நிமிடம் நிறுத்தி, நகல் எடுத்து, அதை அச்சடித்திருக்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். திட்டிவிட்டுப் பாவைக் கொடுத்தனுப்பினார். நானே அதைத் தறிக்காரர் வீட்டுக்குச் சுமந்து போனேன். தறி வெறுமனே நின்றது.

“தப்பு என்னுதுங்க” என்றேன்.

பாவை வாங்கி வைத்தார். “அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க சார். இப்ப தனியா வந்து சொல்லிகினு இருக்கீங்க.”

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் கடையில் அதே கூட்டம். அவரும் புடவையோடு வந்திருந்தார். திருத்திய நிரல் பட்டியலைச் சரியாக அச்சடித்தது. பதினான்கு என்று சத்தமாகப் படித்தேன். போன மாதத் தப்பு என்னுடையது என்பதை மட்டும் அத்தனை பேர் எதிரில் சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போனேன். அவர் பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.