பாலகாட் மண்டபத்து எர்த்

பாலகாட் சபை மண்டபத்தின் சுவிட்ச் போர்டைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெயர் தெரியும்: மரியகுழந்தை, 2004. எழுத்து கொஞ்சம் கோணல்தான். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் கை அப்படித்தான் போகும். ஆனால் ஒயர் கோணல் இல்லை. எழுத்து நேராகவும் ஒயர் கோணலாகவும் போட்டுவிட்டுப் போன எத்தனையோ படித்தவர்களின் வேலையை அவர் பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்.

பதினெட்டு வயதில் கேபிள் சுமக்கும் ஹெல்ப்பராக, ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் இறங்கியவர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். இவர் ஒரு சைக்கிளும் ஒரு டெஸ்ட் லேம்ப்பும் வைத்துக்கொண்டு ஊரிலேயே நின்றார், ஜெயித்தார். அவர் கை படாத வீடு பாலகாட்டில் கிடையாது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்வார். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு அந்த மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். சமையல் பொறுப்பு அவர் மனைவி லூயிசாவுக்கு. பாட்டுப் பொறுப்பு ஐடாவுக்கு. ஐடா வாரம் ஆறு நாள் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறவள். நாற்பது தாண்டியும் கிட்டாரை விடாதவள். அன்றைக்கு லீவு போட்டவள், முதல்முறையாக ஒரே கிட்டாரை இரண்டு ஆம்ப்ளிஃபயரில் ஓடவிட நினைத்தாள். மேடையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்றில் சுத்தமான சத்தம், மற்றதில் அலையடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுவே ஒயரை இரண்டாகப் பிரிக்க ஒரு சின்னப் பெட்டி.

காலை பதினொரு மணிக்கு இரண்டையும் போட்டாள். பாட்டு வருவதற்கு முன்னால் “ம்ம்ம்” என்று ஒரு உறுமல் வந்து மண்டபத்தை நிறைத்தது.

“ஆம்ப்புக்குள்ள மாடு கட்டிக்கினு வந்தியா ஐடா?” என்றான் கீபோர்டு வாசிக்கும் டைட்டஸ். “பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா பேண்டே வேணாம்னு பென் டிரைவ் போட்டுடுவாங்க.”

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். வலது ஆம்ப் மட்டும் ஓடினால் சுத்தம். இடது மட்டும் ஓடினால் லேசான இரைச்சல். இரண்டும் சேர்ந்தால் உறுமல். மரியகுழந்தைக்கு ஆள் போயிற்று.

அவர் வந்து காது கொடுத்துக் கேட்டார். “ரெண்டு ஆம்ப்பு, ரெண்டு போர்டு, ரெண்டு எர்த்து. வலப்பக்கம் போன வருஷம் எவனோ வந்து தனியா மண்ணுல எர்த்துக் கம்பி இறக்கிட்டுப் போனான். இடப்பக்கம் என்னோடது. ரெண்டையும் உன் கிட்டார் ஒயரு ஒன்னாக் கட்டிப் போடுது. அதான் சண்டை.”

“இல்ல மேஸ்திரி, பழைய ஒயரிங்ல இன்னாவோ கோளாறு கீது,” என்றான் டைட்டஸ். விளையாட்டாகத்தான் சொன்னான்.

மரியகுழந்தை திரும்பினார். “என் ஒயரிங்லயா? இருபது வருஷம்டா! என்மேல தப்புன்னா அந்தப் போர்டுல கீற என் பேரை என் கையாலயே சுரண்டுறேன். எல்லாரும் கேட்டுக்குங்க!”

கேட்டுக்கொள்ள ஆளுக்குக் குறைவில்லை. நாற்காலி போடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், சமையல்கட்டு வாசலில் லூயிசா.

பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை எடுத்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று டைட்டஸ் சொன்னான். அது உயிரோடு விளையாடுகிற வேலை என்று மரியகுழந்தைக்குத் தெரியாதா? அப்படிச் செய்த ஒருவனை சுரங்க ஷாஃப்ட் வாசலில் வைத்து அறைந்தவர் அவர். ஆனால் அன்று ரோஷம் முன்னால் நின்றது. “இன்னொருத்தன் போட்ட எர்த்தா இருந்தா விடமாட்டேன். இது நம்மளுது. பேத்தமங்களாவுலேர்ந்து தண்ணி வர இரும்புக் குழாய்ல கட்டினது. அது ஒன்னே ரெண்டு ஆம்ப்பையும் தாங்கும்.” வலது ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து எர்த்தின் பச்சை ஒயரைக் கழற்றினார்.

உறுமல் நின்றது. டைட்டஸ் கைதட்டினான். மரியகுழந்தை மீசையைத் தடவிக்கொண்டார்.

ஐடா கிட்டாரை மீட்டிக்கொண்டே மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனாள். உதடு பட்டதும் “ஆ!” என்று பின்னால் துள்ளினாள். கிட்டார் வாரில் தொங்கி ஆடியது. “அங்கிள், சுள்ளுனு அடிச்சுது!”

அவள் உதட்டில் ஒன்றுமில்லை, பயம்தான். மைக் வலப்பக்க போர்டில் இருக்கிறது, அதற்கு எர்த் உண்டு. கிட்டாருக்கு இடப்பக்க எர்த் இருந்திருந்தால் அடிக்க வழியே இல்லை.

மரியகுழந்தை உடனே இரண்டு ஆம்ப்பின் பிளக்கையும் பிடுங்கி, பச்சை ஒயரைத் திரும்ப மாட்டினார். பிறகு பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்து, வலப்பக்க பிளக் பாயின்ட்டில் ஒரு முனையைக் கரண்டிலும் ஒரு முனையை எர்த்திலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. இடப்பக்கம் வந்து அதேபோல் வைத்தார். எரியவில்லை. பல்பைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எரியவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மண்டபத்தின் பின்பக்கம் போனார். அவர் கட்டிய செம்புக் கம்பி, அவர் முறுக்கிய கிளாம்ப், இருபது வருடம் ஆகியும் அசையாமல் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. குச்சியால் மண்ணைக் கிளறினார். ஒரு முழம் கீழே இரும்பு முடிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் தொடங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன் குழாய் வெடித்தபோது, “பிளாஸ்டிக் போடுங்க, துருவே பிடிக்காது” என்று சபைக் கமிட்டிக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது யார்? அவரேதான். தண்ணீரை யோசித்தவர் எர்த்தை யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் மண்ணுக்கு இறங்காது.

இப்போது அவருக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. ஒரு நீள ஒயர் இழுத்து இரண்டு ஆம்ப்பையும் வலப்பக்க போர்டிலேயே மாட்டினால் போதும். உறுமல் போகும், ஐடாவுக்கும் ஆபத்தில்லை, பெயரும் தப்பிக்கும். உள்ளே எட்டிப் பார்த்தார். இடப்பக்க போர்டிலிருந்து ஒரு ஒயர் சமையல்கட்டுக்குள் போனது. அதன் முனையில் லூயிசாவின் வெந்நீர் பாய்லர். “இன்னாங்க, இது தொட்டா கடிக்குது” என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்கிறாள். “ஈரக்கையோட தொட்டா அப்படித்தான்” என்று அவர் ரொம்ப நாளாகப் பதில் சொல்கிறார். பாய்லர் கசியவிட்ட கரண்ட்தான் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கிட்டாருக்கு ஏறியிருக்கிறது.

உள்ளே வந்து பாய்லர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். கூடத்தின் நடுவே நின்றார்.

“கேளுங்க! என் எர்த்து செத்துப் போச்சு. சாவடிச்சதும் நான்தான். இடப்பக்க போர்டுல யாரும் எதுவும் மாட்டாதீங்க.”

லூயிசாதான் முதலில் பேசினாள். “அப்போ என் கை ஈரமில்லன்னு ஒத்துக்கிறீங்க?”

“ஒத்துக்கிறேன்.”

“மறுபடி சொல்லுங்க. பூக்கட்டுறவங்களுக்குக் கேக்கல.”

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

மணி பன்னிரண்டரை. டைட்டஸ் கடப்பாரை எடுத்தான். அந்த மண் லேசில் வழிவிடாது. ஆள் மாற்றி ஆள் குழி தோண்டினார்கள். மரியகுழந்தை ஓர் இரும்பு பைப்பை நடுவில் நட்டு, கூலிக்கு ஆள் வைக்காமல் தானே சுத்தியலால் இறக்கினார், அறுபத்தைந்து வயதில். சுற்றிலும் போடக் கரியும் கல் உப்பும் வேண்டும். கரி லூயிசாவின் அடுப்பில் கிடைத்தது.

“உப்பும் வேணும்.”

“பிரியாணிக்கு வெச்சது!”

“பிரியாணியில உப்பு கம்மின்னா என் பேரைச் சொல்லு.”

“அந்தப் பேருதான் இன்னிக்குப் போவப் போவுதே,” என்று மூட்டையை நீட்டினாள்.

தண்ணீர் ஊற்றி, மண் மூடி, புதுக் கம்பியால் இரண்டு பக்கத்து எர்த்தையும் ஒன்றாக இணைத்தார். டெஸ்ட் லேம்ப் இடப்பக்கமும் பளிச்சென்று எரிந்தது. அதற்கப்புறம் ஒரே போர்டிலிருந்து ஒயர் இழுத்து, மூன்று பின்னோடு இரண்டு ஆம்ப்பையும் மாட்டினார். ஐடா ஓடவிட்டாள். உறுமல் போன இடம் தெரியவில்லை; காதை ஒட்டிவைத்தால் மட்டும் “ஸ்ஸ்” என்று மெல்லிய மூச்சு.

ஆனால் மீட்டினால் சத்தம் மெலிந்து, சவலைப் பிள்ளை போல வந்தது. மரியகுழந்தை முகம் வாடிற்று. “இது உங்களுது இல்ல அங்கிள்,” என்றாள் ஐடா. “ஒரு ஆம்ப்பு சத்தத்தை முன்னால தள்றப்போ இன்னொன்னு பின்னால இழுக்குது.” பெட்டியில் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினாள். அடுத்த மீட்டலில் சத்தம் கொழுத்து இரண்டு பக்கமும் விரிந்து, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. பயமில்லாமல் மைக்கில் உதடு வைத்துப் பாடினாள்.

நாலரை மணிக்கு மரியகுழந்தை உப்புத்தாளோடு போர்டு முன்னால் நின்றார்.

“விடு மேஸ்திரி, சும்மா பேச்சுக்குச் சொன்னது,” என்றான் டைட்டஸ்.

“நான் பேச்சுக்குப் பேசறவன் இல்ல.” தகரம் தெரியும்வரை தேய்த்தார். பெயரும் போயிற்று, 2004-ம் போயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன பெயிண்ட் டப்பாவை எடுத்தார். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தது யாருக்கும் தெரியாது. அதே இடத்தில், அதே கோணலில் எழுதினார்: மரியகுழந்தை, 2024.

“அதானே பார்த்தேன்,” என்றாள் லூயிசா. பாய்லரை வெறுங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு டீ ஊற்றினாள்.

அவர் டீயைக் குடிக்காமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். குழாயில் எர்த் கட்டிய வீடுகள். பதினேழு வரை நினைவுக்கு வந்தது. அதில் எத்தனை குழாய் பிளாஸ்டிக்காக மாறியிருக்குமோ? திங்கட்கிழமை காலை சைக்கிளில் டெஸ்ட் லேம்ப் ஏறியது. முதல் வீட்டு வாசலில் நின்று மணியடித்தார்.

“இன்னா மேஸ்திரி, வேலை ஒன்னும் சொல்லலியே?”

“நீ சொல்லல. பாலகாட்லயே பெரிய வயர்மேன் ஒரு தப்பு பண்ணிட்டான். பார்க்க வந்தேன்.”