அகராதியும் எண்பது ஞாயிற்றுக்கிழமைகளும்

"தெரியாதுங்கிற வார்த்தைய என் ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன். அதுவும் ஒண்ணாங்கிளாஸ்ல எழுத்துக்கூட்டிப் படிச்சப்ப" என்று இயந்திரவியல் துறைத் தலைவர் ஆசிரியர் அறையில் பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த வேதியியல் வாத்தியார் டீயை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

மாணவர்கள் இவருக்கு வைத்திருந்த பெயர் அகராதி. எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்தவர் என்று வைத்தார்களா, அகராதி பிடித்தவர் என்று வைத்தார்களா என்பது ஆராய்ச்சிக்குரியது. அவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது அர்த்தத்தோடு நடமாடினார்.

அவர் மனைவியின் சாட்சியம் வேறு மாதிரி. "எங்க அண்ணன் வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்திட்டு, அண்ணன் வீடு எங்கன்னு அரை மணி நேரம் செல்போன்ல தேடுனாரு. யார்கிட்டயாவது கேளுங்கன்னா, கேட்டா தெரியாதுன்னு நெனச்சுருவாங்களாம்."

இப்பேர்ப்பட்டவர் பன்னிரண்டு மாணவர்களோடு வெளிநாட்டில் பற்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டார். பார்ப்பதோடு விஷயம் முடியவில்லை. மாணவர்கள் எழுதியனுப்பிய கட்டுரைகளை வைத்துத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரே ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே கேட்கும் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஓராண்டுப் பயிற்சி, சம்பளத்தோடு. அந்த மாணவி எதற்கெடுத்தாலும் கை தூக்குவாள் என்பதால் அவள் பெயர் கேள்வி.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதல்வர் கேட்டதில் அகராதியின் மனம் புண்பட்டது. அந்த மொழியைச் செல்போனில் நாற்பது நாள் படித்திருக்கிறாரே. பயணச்சீட்டு கேட்கவும், தன் பூனை கறுப்பு என்று தெரிவிக்கவும் அவரால் முடியும். அவரிடம் பூனை கிடையாது என்பது வேறு விஷயம்.

தொழிற்சாலையின் தரை, சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருந்தது. மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். பெரிய மீசை வைத்த மேற்பார்வையாளர் ஒரு சக்கரத்தைக் காட்டி விளக்க, அகராதி தாமதமின்றித் தமிழாக்கினார்.

"இதுக்கு எண்பது ஞாயித்துக்கெழம. அதாவது எண்பது வாரம் தேயாம ஓடும். எழுதிக்குங்க."

பன்னிரண்டு பேனாக்கள் எழுதின. ஒரு கை உயர்ந்தது.

"சார், பல்லும் எண்பதுதான் இருக்கு. எண்ணிப் பாத்தேன்."

"பாத்தியா, எவ்வளவு கச்சிதமா செஞ்சிருக்கான். வாரத்துக்கு ஒரு பல்லு தேயும்."

அந்த மொழியில் பல்லுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உச்சரிப்பில் மயிரிழைதான் வித்தியாசம். மயிரிழையெல்லாம் அகராதியின் கண்ணில் படாது.

கடைசியில் மீசைக்காரர் கேள்வியை ஒரு மேசைக்கு அழைத்தார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு சக்கரங்களை எதிரே வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு படிவம். நீளமாக ஏதோ கேட்டார். எல்லாரும் அகராதியைப் பார்த்தார்கள். அவருக்கு விளங்கியது இரண்டே சொற்கள்: 'கை', 'ஏன்'.

"ரெண்டுல எது கனம்னு கேக்கறாரு" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலேயே.

கேள்வி சக்கரங்களைக் கைக்கொன்றாகத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள். மீசைக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அவள் குழம்பிப்போய் மறுபடி மறுபடி தூக்கினாள். நெற்றி வேர்த்தது. அவள் அப்படி வேர்த்து அகராதி பார்த்ததேயில்லை.

பேனா படிவத்தைத் தொடுமுன் அகராதி குறுக்கே கையை வைத்துவிட்டார்.

"கீழ வெச்சிரும்மா. அவர் கேட்டது எனக்குப் புரியல. நானா ஒண்ணு சொல்லிட்டேன்."

அவர் மீசைக்காரர் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அது எல்லா ஊரிலும் விளங்கும் மொழி. மீசைக்காரர் பேனாவை மூடினார். ஒரு சக்கரத்தை விரலில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினார், கணீரென்றது. அடுத்ததைத் தட்டினார், பொத்தென்றது. ஏன் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

கேள்வியின் முகம் வெளுத்திருந்தது போய் மலர்ந்தது.

"சார், உள்ள விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போகும். அதத்தான கேக்கறாரு?"

"தெரியலம்மா" என்றார் அகராதி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நீயே அவருக்கு வரஞ்சு காட்டு."